பூப்பந்து ஆடாத முழங்கை

வலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டீ கிளாஸைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு பேல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடையின் மச்சுக்கு ஏற முடிந்தது. ஆனால் மேசைமேல் இருக்கும் கிளாஸை விரல்களால் பிடித்து எடுத்தால், வலது முழங்கையின் வெளிப்புறத்தில் யாரோ கோணி ஊசியைச் செருகித் திருகினார்கள். இருபத்துநான்கு வயதில் ஒரு டீ கிளாஸிடம் தோற்றுப்போனவன் பாலக்காட்டில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

கிளாஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கதவுத் தாழ்ப்பாளை இழுப்பது, ஈரத் துண்டைப் பிழிவது என்று ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன. நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து ஊரே ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டபோது நான் மட்டும் பள்ளிவாசலின் பின்பக்கமாக நழுவினேன். எனக்கு மார்க்கத்தில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டதாக அன்று சாயந்திரத்துக்குள் மூன்று பேர் அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், போய்ச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் கிளாஸை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கப் பழகினேன். இதில் ஒரு லாபம் இருந்தது. எங்கள் அத்தா எப்போதும் அப்படித்தான் குடிப்பார். அல்லாஹ் கொடுத்த உணவுக்கு அவர் காட்டும் மரியாதை அது என்று மதரஸா உஸ்தாத் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லுவார். நானும் அப்படிக் குடிப்பதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பத்தாண்டா உனக்கு அத்தா கொணம் வருது" என்றாள். அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

வலிக்குக் காரணத்தை யாரும் தேடி அலையவில்லை. பூப்பந்து. சாயந்திரம் அஸர் தொழுகை முடிந்ததும் நான் கடையிலிருந்து நழுவிக் கோட்டை மைதானத்துக்கு ஓடுவது எங்கள் கடைத்தெருவான வலியங்காடி முழுவதற்கும் தெரிந்த ரகசியம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் வலை, எலுமிச்சம்பழ அளவில் ஒரு மஞ்சள் கம்பளிப் பந்து. பந்து தரையில் விழாமல் பேட்டால் திருப்பி அடிக்க வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், அது ஒரு கிறுக்கு. நான் வலையை ஒட்டி நிற்பவன். தாழ்வாக வரும் பந்தை எதிராளியின் காலடியில் வெட்டி இறக்குவது என் வேலை. அந்த வெட்டுக்காக மட்டுமே என்னை டீமில் வைத்திருந்தார்கள், என் மற்ற குணங்களுக்காக அல்ல.

அத்தாவுக்குப் பேட்டைக் கண்டாலே ஆகாது. "ஏழு கழுத வயசாச்சு, இன்னும் பந்துக்குப் பின்னால ஓடறான்" என்பார். என்னிடம் அல்ல, துணி வாங்க வந்தவர்களிடம். அவர்களும் அவருக்காக மனம் இளகி அரை கஜம் கூடுதலாக வாங்கிப் போவார்கள். என் ஆட்டத்தால் கடைக்கு நஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

கடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் கத்திரி கிடையாது. வலியங்காடியின் மற்றத் துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் கத்திரிக்கு மாறி வெகு நாளாகியிருந்தது. நாங்கள் மட்டும் கிழித்துக் கொடுத்தோம். இரும்புக் கஜக்கோலில் அளந்து, ஓரத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, இரண்டு கையாலும் பற்றி, வலது மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கி ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம் வரும். கிழித்தால் துணி நூல் பிடித்து நேராக வரும், கத்திரி கோணலாகப் போகும் என்பது அத்தாவின் கட்சி. "நூலு பொய் சொல்லாது. கத்திரி சொல்லும்" என்பார்.

எலப்புள்ளிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரும் விவசாயிகள் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் துணிக்கு மதிப்புப் போட்டார்கள். சத்தம் மொண்ணையாக இருந்தால் துணி பழசு என்று எழுந்துவிடுவார்கள். மல் துணியை யாரும் கிழிக்கலாம். முரட்டுக் காடாத் துணியைக் கிழிக்க ஒரு வீம்பு வேண்டும். அந்த வீம்பு எனக்குப் பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டதாக அத்தா பெருமைப்பட்டிருக்கிறார். இதையும் என்னிடம் சொன்னதில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க எட்டு மாதம் ஆயிற்று. நான் முட்டாள் என்பது ஒரு காரணம். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்பது இன்னொரு காரணம்.

முதலில் அம்மா தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்தாள். அது ஒன்றுதான் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத மருந்து. பிறகு ஒரு இங்கிலீஷ் டாக்டர். அவர் என் முழங்கையை இரண்டு விரலால் அழுத்தி, நான் அலறியதும் திருப்தியடைந்து, "எந்தா ஜோலி?" என்று மலையாளத்தில் என் வேலையைக் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பூப்பந்து ஆடறேன் சார்" என்றேன். "களி நிர்த்தணம்", ஆட்டத்தை நிறுத்த வேண்டும், என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்து ஒரு வைத்தியர். அவரும் அதே கேள்வி, நானும் அதே பதில். கறுப்பாக, கசந்த வாசனையோடு ஒரு குப்பித் தைலம் கொடுத்து மூன்று பத்தியம் சொன்னார்: மீன், புளி, மைதானம். கடைசியாக எலப்புள்ளியில் எலும்பு நீவுகிற ஒருவர். அவர் என் கையைப் பிடித்துக் கிணற்றுக் கயிறு மாதிரி இழுத்ததில் தோளும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்தது. "தோளு வலிச்சா மொழங்க வலி தெரியாதுங்க தம்பி" என்று அவரே ஆறுதலும் சொன்னார்.

மூன்று பேரும் என்ன வேலை என்றுதான் கேட்டார்கள். துணிக்கடையில் நிற்கிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ள யாராவது ஒரு வாய்ப்புக் கொடுக்க மாட்டார்களா என்று காத்திருந்த வயது அது. பொய் சொல்லவில்லை, பாதியை விழுங்கினேன். விழுங்கியதற்கு உண்டான பத்தியத்தையும் நானே இருந்தேன்.

ஆட்டத்தை நிறுத்தினேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சாயந்திரம் ஐந்து மணி ஆனால் கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பும். பேட்டை உறை போட்டு, நான் படுக்கும் மச்சில் ஆணியில் மாட்டினேன். அதைப் பார்க்காமல் இருக்க எதிர்ச்சுவரின் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்தேன்.

எங்கள் டீமின் கேப்டன் கல்பாத்தித் தெருவைச் சேர்ந்த ஒரு டிரில் மாஸ்டர். அவர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். வருடா வருடம் ஜனவரி கடைசியில் கோயமுத்தூரிலிருந்து ஒரு மில் டீம் எங்களோடு ஆட வரும். ஐந்து வருடமாக அவர்கள் வந்து எங்களைத் தோற்கடித்து, எங்கள் செலவில் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த முறை மொழிவாரியாக ராஜ்யத்தைப் பிரித்து எங்களைக் கேரளத்தில் சேர்க்கப்போகிற நேரம். இத்தனை நாள் ஒரே ராஜ்யத்துக்காரர்களிடம் தோற்றோம், இனி வேற்று ராஜ்யத்துக்காரர்களிடம் தோற்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய கவலை.

"என்னடா அம்பி, கை சரியாயிடுமோன்னோ ஜனவரிக்குள்ள?" என்று கேட்டார்.

"வைத்தியர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்காருங்க சார்."

"ஓய்வு எடு, நன்னா எடு. நீ வரலேன்னா அந்த எடத்துல நிறுத்தறதுக்கு எனக்கு ஆளே கெடையாது. ஒரு பய வலைக்கிட்ட நிக்கப் பயப்படறான். கண்ணை மூடிண்டுடறான்."

அவர் போனதும் நான் தீர்மானம் செய்துகொண்டேன். ஜனவரிக்குள் இந்தக் கை எனக்கு வேண்டும். வேறு எதுவும் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணப் பேச்சுகூட நடந்துகொண்டிருந்தது. அதை யார் கவனித்தார்கள்?

ஓய்வு எடுத்தேன். எங்கே? கடையில்தான். மைதானத்தில் கழித்துக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் கடைக்கு வந்து சேர்ந்தது. அத்தாவுக்கு என்மேல் இரக்கம் பொங்கிற்று. "பாவம், புள்ள ஆட்டத்தையே விட்டுட்டான். நிழல்ல நிக்கட்டும்" என்றார். நிழலில் நின்று கிழித்தேன். ஓணம் வந்தது. ஜனங்கள் அலையலையாக வந்தார்கள். காடா, லாங் கிளாத், சட்டைத் துணி என்று காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை சர், சர் என்று கடையே ஒரு சத்தமாக இருந்தது. ஓணம் முடிந்தபோது எனக்குச் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை.

ஓய்வு எடுக்க எடுக்க வலி கூடுகிறதே என்று வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வு போதவில்லை என்றார். இன்னொரு குப்பித் தைலம் கொடுத்தார்.

அந்தத் தைலத்திலும் ஒரு மர்மம் இருந்தது. ஒரு குப்பி ஒரு மாதம் வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்குப் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். நான் தொட்டுத் தொட்டுத்தான் தடவினேன். அம்மாமேல் சந்தேகப்பட்டு ஒருநாள் வாய்விட்டும் கேட்டுவிட்டேன். "ஏண்டா, உன் தைலத்த நான் கொழம்புல ஊத்திட்டனா?" என்று கரண்டியோடு வந்தாள். அதற்குமேல் விசாரணை நடத்தவில்லை.

நவம்பர் கடைசியில் அத்தா என்னைச் சின்னக்கானலுக்கு அனுப்பினார். அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட் ஜனங்களுக்கு வேண்டிய துணிகளை அவர் எங்களிடம்தான் எடுப்பார். மாதிரித் துண்டுகள் ஒட்டிய நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதி வாங்கி வர வேண்டும். வழக்கமாக அத்தாதான் போவார். இந்த முறை மலைக்காற்று எனக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு போய், அங்கிருந்து எஸ்டேட் லாரி ஒன்றில் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். குளிரில் பல் கிட்டிற்று. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் மூங்கில் கம்பு இரண்டு நட்டு, நடுவே வலை கட்டியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அந்த கிளார்க் பார்த்துவிட்டார்.

"ஆடுவீகளா தம்பி? எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது, வாங்க."

எனக்கு மனப்போராட்டம் ஏற்பட்டது. அது ஒரு நிமிஷம் நீடித்தது. டாக்டர், வைத்தியர், எலும்பு நீவுகிறவர், அத்தா ஆகிய நால்வரும் மலைக்குக் கீழே இருந்தார்கள். களத்தில் இறங்கினேன். பனியில் நனைந்த பந்து ஊறுகாய் மாங்காய் மாதிரி கனத்தது. முதல் வெட்டிலேயே முழங்கை கூவிற்று. கூவட்டும் என்று ஆடினேன். பத்து நாளும், மழை பெய்த ஒரு நாள் தவிர, ஒரு சாயந்திரம்கூட விடாமல் ஆடினேன்.

ஆட்டம் முடிந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முதல் நாளே எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒரு வைத்தியம் சொன்னார். கொதிக்கவைத்து வடிகட்டிய தேயிலைத் தூளைச் சூடாகத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். தேயிலைக்கு அங்கே பஞ்சமில்லை. கிளார்க்கின் மனைவி தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு மூட்டைத் தூளையும் எனக்கு எடுத்து வைத்தார்.

ஏழாம் நாள் காலையில் அந்த அம்மா கொடுத்த டீயை யோசிக்காமல் ஒரு கையால் எடுத்துப் பாதி குடித்துவிட்டேன். பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது உறைத்தது. கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்ன தம்பி, ஈ கெடக்கா?" என்று கேட்டார் கிளார்க்.

"இல்லீங்க. இன்னொரு டீ கெடைக்குங்களா?"

தாகம் எதுவும் இல்லை. இன்னொரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அன்று காலையில் மூன்று டீ குடித்தேன்.

தேயிலைத் தூளின் புகழைப் பரப்பிக்கொண்டே ஊர் திரும்பினேன். வலியங்காடியில் மூட்டுவலி இல்லாத மனிதர் எவர்? முட்டிக்கு, இடுப்புக்கு, ஒருவர் பல்லுக்குக்கூட, தேயிலை ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் கடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் அதுவரை சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்த சக்கைத் தூளுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அத்தா என் கையை ஒருமுறை பார்த்தார். "சரி, நல்லதாப் போச்சு. வந்து நில்லு" என்றார்.

நின்றேன். மூன்றாம் நாள் டீ கிளாஸ் மறுபடியும் என்னைத் தோற்கடித்தது.

மலைத் தூளுக்கும் தரைத் தூளுக்கும் வித்தியாசம் உண்டு என்று ஒத்தடக்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நானும் அதை ஒரு வாரம் நம்பினேன். சின்னக்கானலுக்கு எழுதித் தூள் வரவழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டேதான் ஒருநாள் ஒரு விவசாயிக்கு நாலு கஜம் காடாவைக் கிழித்தேன். சர். கோணி ஊசி உள்ளே இறங்கிற்று. கையிலிருந்த துணியைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு வெளியே முறுக்கி நின்றதைப் பார்த்தேன். ஊருக்குள் நாலு மாதம் பேட்டைத் தொடவில்லை, வலி கூடியது. மலையில் பத்து நாள் ஈரப் பந்தை அடித்தேன், வலி போயிற்று. அந்தப் பத்து நாளில் நான் செய்யாத வேலை எது? கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. "என்னங்க தம்பி, கொடுக்கறீங்களா?" என்று அந்த விவசாயி கேட்டதும்தான் துணியை விட்டேன்.

கண்டுபிடிப்பது ஒன்று. அதை அத்தாவிடம் சொல்வது வேறொன்று. உங்கள் பெருமைதான் என் நோய் என்று எந்த மகன் போய்ச் சொல்வான்? எட்டு மாதமாகக் கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரிடமும் பேட்டின்மேல் பழி சொல்லி வைத்திருக்கிறார் மனிதர். ஆட்டத்துக்குப் போக நான் ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைப்பார். மச்சில் துணி பேல்களுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். பேல்கள் ஒத்துக்கொண்டன. கீழே இறங்கி அவர் முகத்தைப் பார்த்ததும் கஜக்கோலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றுப் படியில் அத்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. வலது கைச் சட்டையைச் சுருட்டி மேலே விட்டிருந்தார். இடது கையால் முழங்கையின் வெளிப்புறத்தில், எனக்கு எந்த இடமோ சரியாக அந்த இடத்தில், தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் குப்பி.

பேல்களிடம் பேசிப் பழகிய வசனம் எல்லாம் மறந்துபோயிற்று. "அத்தா, அது என் தைலம்" என்றேன். உலகத்தில் இதைவிட அசட்டுத்தனமாக ஒருவன் பேச முடியாது.

அவர் திடுக்கிடவில்லை. "தெரியும். நல்ல தைலம்" என்றார்.

"உங்களுக்கு என்னங்கத்தா?"

"உனக்கு என்னவோ அதேதான்."

"எத்தன நாளா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து."

எனக்குச் சட்டென்று டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. இரண்டு கை. மதரஸா உஸ்தாத். அம்மாவின் கலங்கிய கண்.

"நீங்க பூப்பந்து ஆடுனதே இல்லியே?"

"நானா? நான் அந்த மைதானத்துப் பக்கமே போனதில்ல."

"அப்ப எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம என்ன?" குப்பியை இடது கையால் மூடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரலை உயர்த்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "எட்டு மாசமா பேட்டு மேல பழியப் போட்டீங்களே அத்தா? டாக்டரு, வைத்தியரு, எலப்புள்ளின்னு என்னை அலைய விட்டீங்களே?"

அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பேட்ட விட்டாப் போயிரும்னு இருந்தா உனக்கு ஒரு நம்பிக்கையாச்சும் இருக்கும். கடைய விட முடியுமா? விட முடியாததுதான் காரணம்னு உன்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க அத்தாவும் கிழிச்சாரு. அவருக்கும் இருந்துச்சு. வலிக்குதுன்னு சொன்னா கத்திரி வாங்கோணும். கத்திரி வாங்கிட்டா நம்ம கடைக்கும் மத்த கடைக்கும் என்னடா வித்தியாசம்?"

கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இருபது வருடம் இந்த மனிதர் வலியோடு கிளாஸை ஏந்தியதை மரியாதை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து குப்பியைத் திறந்து, அவர் எட்டாமல் விட்டிருந்த இடத்தில் தைலத்தைத் தேய்த்தேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அழுத்தித் தேய்" என்றார்.

மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்தபோது விரிப்பின்மேல் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கத்திரி. பெரிய தையற்காரர்கள் வைத்திருப்பது மாதிரி, புதிது. வலியங்காடியில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ரயிலேறி ஒலவக்கோட்டில் போய் வாங்கியிருக்கிறார் என்று பிறகு அம்மா சொன்னாள்.

முதல் கிராக்கியே எலப்புள்ளிக்காரர். நான் கத்திரியை எடுத்ததும் அவர் முகம் கோணிற்று. "ஏனுங்க ராவுத்தரே, கத்திரி எங்க ஊட்லயும் இருக்குதுங்களே?" என்றார்.

அத்தா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "என்னங்க பண்றது? புள்ளைக்குக் கை போயிருச்சுங்க. எல்லாம் அந்த மைதானத்துல ஆடி ஆடித்தான். சொன்னாக் கேக்கறானுங்களா?"

எலப்புள்ளிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. அத்தாவுக்காக மனம் இளகி அரை கஜம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பழியை நான் மறுக்கவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் இதே கதைதான். ஒருவர் விடாப்பிடியாகக் கிழித்துத்தான் தர வேண்டும் என்றபோது அத்தாவே எழுந்து துணியைப் பற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, துணியை என் பக்கம் தள்ளிவிட்டு, "நேராத்தான் வெட்டுவானுங்க. நல்ல கத்திரி" என்று உட்கார்ந்துவிட்டார். எங்கள் கடையில் சர்ரென்ற சத்தம் அன்றோடு நின்றது.

ஜனவரி நடுவில் பேட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். டிரில் மாஸ்டர் என் வெட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தியாடா, ஓய்வுங்கறது எப்பேர்ப்பட்ட மருந்து!" என்று மற்றவர்களுக்குப் போதித்தார்.

கோயமுத்தூர் டீம் வந்தது. மைதானத்தைச் சுற்றிக் கூட்டம். ஒரு ஆட்டம் அவர்களுக்கு, ஒரு ஆட்டம் எங்களுக்கு. மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் முந்திக்கொண்டு போனோம். ஐந்து வருடத் தோல்வி முடியப்போகிறது என்று டிரில் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர்கள் பந்தை என் தலைக்குமேல் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள். வெட்டத் தெரிந்தவனுக்குப் பின்னால் ஓடத் தெரியவில்லை. கடைசிப் புள்ளியில் நல்ல தாழ்வான பந்து ஒன்று வந்தது. என் பந்து. இத்தனை மாதம் நான் காத்திருந்த பந்து. முழங்கையில் துளி வலி இல்லை. முழுக் கையையும் வீசி வெட்டினேன். வலையில் போய் விழுந்தது.

தோற்றோம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்துக்கு வந்தபோது மரத்தடியில் அத்தா நின்றிருந்தார். கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இடது கையில் குடை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. அவர் மைதானத்தை ஒட்டிய டீக்கடைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

இரண்டு டீ வந்தது.

"கை வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்கத்தா."

"கொஞ்சங்கூட?"

"இல்லீங்க."

கோயமுத்தூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதையும், டிரில் மாஸ்டர் தனியாக வலையை அவிழ்ப்பதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இப்படித் தோக்கறதுக்கா இத்தன தைலம்?" என்றார்.

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். கிளாஸ் அவருடைய வலது கையில் இருந்தது, வலது கையில் மட்டும். குடை இன்னும் இடது கையில்தான் இருந்தது. அவர் அந்தக் கிளாஸைக் கண்ணுக்கு நேரே கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அதில் ஏதோ கிடக்கிறது போலப் பார்த்தார். மீதியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். ஒருநாளும் இரண்டாவது டீ குடிக்காதவர், கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு டீ சொன்னார்.